மலைப்பாதையும் வெளி ஹார்டு டிஸ்க்கும்: லினக்ஸில் காப்பி ஏன் இழுக்கிறது?

செங்கோட்டையில் முகூர்த்த நாள் வந்தால் ஸ்டுடியோக்காரர்களுக்கு இரண்டு மாநில வேலை. காலையில் தென்காசியில் தாலிகட்டு, மாலையில் புனலூரில் வரவேற்பு. வீடியோவும் படமுமாக 120 ஜிபி சேர்ந்துவிடும். அதைக் கையடக்க ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி ஆல்பம் செய்பவருக்கு அனுப்ப வேண்டும். அப்படிப்பட்ட ஒரு தம்பி போன தையில் மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, ஒம்பது மணிக்குப் போட்டேன். மொதல்ல பறந்துச்சு. இப்ப பாதியில கெடந்து உசுர வாங்குது. டிஸ்க் போச்சா, இல்ல இந்த லினக்ஸே இப்படித்தானா?"

இந்தக் கேள்விக்கு ஊரில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். டிஸ்க் போச்சு, புதுசு வாங்கு. லினக்ஸைத் தூக்கிவிட்டு விண்டோஸ் போடு. ஃபார்மட் அடி, சரியாகிவிடும். முதல் பதில் எப்போதாவது சரியாக இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் தவறு. மூன்றாவது பதிலைச் சொல்பவரிடம் கல்யாண வீடியோவைக் கொடுக்காதீர்கள்.

விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல. 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் பாஸ் என்ற லினக்ஸ் வகை இருந்தது. புளியரையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பதே லினக்ஸில்தான். ஆளுக்கு ஆள் பயன்படுத்தியும், வெளி டிஸ்க் இழுத்தால் மட்டும் எல்லாருக்கும் குழப்பம். ஐந்தாறு தனித்தனிக் கோளாறுகளை 'ஸ்லோ' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழில் எழுத்தெழுத்தாகத் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறு எழுத்துகளில், ஒட்டி அடியுங்கள்.

பாவூர்சத்திரத்துக் காய்கறி லாரி

பாவூர்சத்திரம் சந்தையில் ஏற்றிய காய்கறி புனலூர் போக வேண்டும். சந்தையில் சுமை ஏற்றும் நேரம் ஒன்று. தென்காசி வரை நேர்ச்சாலை. புளியரை தாண்டியதும் எஸ் வளைவு, மலையேற்றம். கோட்டைவாசல், ஆரியங்காவு, சோதனைச் சாவடி வரிசை. அப்புறம் இறக்கம், தென்மலை, கடைசியில் புனலூரில் இறக்கிவைக்கும் ஆட்கள். லாரி எவ்வளவு நல்ல லாரியாக இருந்தாலும், வளைவில் ஒரு மரவண்டி மல்லாந்து கிடந்தால் அன்றைக்குக் காய்கறியின் வேகம் அந்த வளைவின் வேகம்தான்.

கணினியிலிருந்து வெளி டிஸ்க்குக்குப் போகும் தரவுக்கும் இப்படிக் கட்டங்கள் உண்டு. கணினியின் உள் டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். ரேம் என்ற தற்காலிக நினைவகம் வழியாக வர வேண்டும். யூஎஸ்பி போர்ட், கேபிள், டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் மாற்றி அட்டை எல்லாவற்றையும் கடக்க வேண்டும். பிறகு சுழலும் தட்டில் எழுதப்பட வேண்டும். இதில் எது மிகக் குறுகலோ அதுதான் மொத்த வேகம். அந்தக் குறுகலான கட்டத்தை இக்கட்டுரையில் 'இடுக்கு' என்றே சொல்கிறேன்.

இங்கேயே ஓர் அளவைக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கேபிள் விளம்பரத்தில் வேகத்தைப் பிட் கணக்கில் போடுவார்கள். காப்பி செய்யும் சாளரம் பைட் கணக்கில் காட்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே '480 மெகாபிட்' என்பது ஏட்டளவில் நொடிக்கு 60 மெகாபைட்தான். 480 என்று அட்டையில் படித்துவிட்டு 35-ஐத் திரையில் பார்த்து ஏமாந்ததாக நினைப்பவர்கள் நிறைய.

திரையில் ஓடும் எண் எதன் வேகம்?

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். லினக்ஸைத் திட்டுபவர்களில் பாதிப்பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

மண்டிக்கு லாரி வருகிறது. சுமையாட்கள் மூட்டையை முன்கொட்டகையில் இறக்கிப் போட்டதும் கணக்குப்பிள்ளை சீட்டில் ஒரு கோடு போட்டுவிடுவார். லாரிக்காரரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் மூட்டை இன்னும் உள்ளே கிட்டங்கிக்குப் போகவில்லை. உள்ளே அடுக்கும் ஆட்கள் மெதுவாக ஒவ்வொன்றாகத் தூக்கிப்போவார்கள். கொட்டகை காலியாக இருக்கும்வரை லாரி மடமடவென்று இறங்கும். கொட்டகை நிரம்பியதும் உள்ளே ஒரு மூட்டை போனால்தான் வெளியே ஒரு மூட்டை இறங்கும்.

லினக்ஸில் அந்த முன்கொட்டகை ரேம். இயங்குதளத்தின் மையப் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். ஒரு நிரல் "இதை டிஸ்க்கில் எழுது" என்று கொடுத்தால், கர்னல் அதை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிடும். இப்படி வாங்கி வைக்கும் இடம் 'பேஜ் கேஷ்'. அதற்குள் வந்தும் இன்னும் டிஸ்க்குக்குப் போகாமல் காத்திருக்கும் பக்கங்களை 'டர்ட்டி' என்பார்கள். அழுக்கு என்று பொருள் கொள்ள வேண்டாம், பாக்கி என்று கொள்ளுங்கள்.

எவ்வளவு பாக்கி வைக்கலாம் என்பதற்குக் கர்னலிடம் அளவு இருக்கிறது. வழக்கமான அமைப்பில், கைவசம் பயன்படுத்தக்கூடிய ரேமில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் பின்னணியில் டிஸ்க்குக்குத் தள்ளத் தொடங்கும். 20-ஐ நெருங்கினால் எழுதிக்கொண்டிருக்கும் நிரலையே பிடித்து நிறுத்தி "பொறு, உள்ளே போகட்டும்" என்று சொல்லும். 5 ஜிபி ரேம் கைவசம் இருக்கிறது என்று வையுங்கள். ஏறக்குறைய முதல் 1 ஜிபி வரை காப்பி பறக்கும். அது ரேமின் வேகம், டிஸ்க்கின் வேகமே அல்ல. அதன்பிறகு திடீரென்று முடங்கும். அந்த முடங்கிய வேகம்தான் உண்மை. பல கோப்பு மேலாளர்கள் தொடக்கம் முதலான சராசரியைக் காட்டுவதால் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். பார்ப்பவருக்கு டிஸ்க் கண்முன்னே செத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். 800 மெகாபைட் கோப்பு ஒன்றை மெதுவான டிஸ்க்குக்கோ பென் டிரைவுக்கோ காப்பி செய்கிறீர்கள். மூன்று நொடியில் சாளரம் மூடிவிடுகிறது. "ஆகா" என்று பிடுங்குகிறீர்கள். மொத்தக் கோப்பும் இன்னும் கொட்டகையில் கிடக்கிறது. போய்ப் பார்த்தால் டிஸ்க்கில் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே வெறுமை. "பாதுகாப்பாக நீக்கு" என்று சொன்னபின் அது ஐந்து நிமிடம் சுற்றுவதைக் கண்டு எரிச்சல்படுபவர்கள் கவனிக்க: அந்த ஐந்து நிமிடமும் அது பாக்கியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

பாக்கி எவ்வளவு என்று நேரில் பார்க்கலாம். 'ப்ராக்' என்ற அடைவுக்குள் 'மெம்இன்ஃபோ' என்ற கோப்பு இருக்கும். அதில் 'டர்ட்டி' என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். காப்பி ஓடும்போது அது ஏறுவதும், முடிந்தபின் இறங்குவதும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாதவர், கட்டளைகளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் எஸ்-ஒய்-என்-சி என்று அடித்து என்டர் தட்டலாம். பாக்கி முழுதும் டிஸ்க்குக்குப் போன பிறகுதான் கட்டளை திரும்பும்.

கொட்டகையைச் சின்னதாக்கவும் வழி உண்டு. 'டர்ட்டி பைட்ஸ்' என்ற அமைப்பில் விழுக்காட்டுக்குப் பதில் ஓர் அளவையே, எடுத்துக்காட்டாக 200 மெகாபைட் என்று, நிர்ணயிக்கலாம். இதனால் டிஸ்க் வேகமாகிவிடாது. திரையில் காட்டும் எண் உண்மைக்கு அருகில் வரும், கணினியும் நடுநடுவே திணறாது. நான் என் கணினியில் இப்படித்தான் வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் தேவையா என்றால், இல்லை.

இதுவரை: தொடக்கத்தில் தெரியும் வேகம் ரேமுடையது. சில நிமிடம் ஓடிய பிறகு நிலைத்து நிற்கும் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இடுக்கைத் தேட வேண்டும்.

மீட்டர் கேஜா, பிராட் கேஜா?

நிலைத்த எண் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் என்று இருந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அது யூஎஸ்பி 2-இன் கையெழுத்து.

கொல்லம் - செங்கோட்டை ரயில்பாதை 1904-இல் மீட்டர் கேஜாக வந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். பிராட் கேஜ் என்றால் 1676. மலைப்பகுதியும் மாறி முழுப் பாதையும் பிராட் கேஜ் ஆனது 2018-இல்தான். அதுவரை இந்தப் பக்கம் செங்கோட்டைக்குப் பெரிய வண்டி வந்தும், அந்தப் பக்கம் புனலூருக்குப் பெரிய வண்டி வந்தும், நடுவிலிருந்த மலைத்துண்டைத் தாண்ட முடியாது. இரண்டு முனையிலும் அகலம் இருந்து என்ன பயன்?

யூஎஸ்பியிலும் அதே கதை. 2000-இல் வந்த யூஎஸ்பி 2-இன் எல்லை 480 மெகாபிட். 2008-இல் வந்த யூஎஸ்பி 3 அதை 5000 மெகாபிட் ஆக்கியது. கையடக்க டிஸ்க் ஒன்று புதிதாக இருக்கும்போது நொடிக்கு 100 முதல் 140 மெகாபைட் வரை எழுதும். யூஎஸ்பி 3-க்கு இது சுண்டைக்காய். யூஎஸ்பி 2-இலோ, நடைமுறைச் செலவெல்லாம் போக 35 சொச்சம்தான் தேறும். 120 ஜிபியை 35-இல் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். 110-இல் 18 நிமிடம்.

போர்ட், கேபிள், நடுவில் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் இருந்தால் அது, டிஸ்க் பெட்டி. நாலும் 3 ஆக இருந்தால்தான் 3. ஒன்று 2 ஆக இருந்தாலும் மொத்தமும் 2-க்கு இறங்கிவிடும். சத்தமே இல்லாமல் இறங்கும் என்பதுதான் இதில் வம்பு. எச்சரிக்கை எதுவும் வராது, எல்லாம் வேலை செய்யும், மெதுவாக.

பழைய நீள்சதுர முனையில் உள்ளே நீல நிறம் தெரிந்தால் பெரும்பாலும் 3. ஆனால் நிறத்தை நம்பிச் சத்தியம் பண்ணாதீர்கள். டிஸ்க் பக்கத்தில் அகலமாகத் தட்டையாக இரண்டு பாகமாகத் தெரியும் முனை இருந்தால் அதுவும் 3. அதைப் பாதி மட்டும் செருகினாலோ, உள்ளே பிசின்போல அழுக்கு ஏறியிருந்தாலோ பழைய யூஎஸ்பி 2 தொடுமுனைகள் மட்டும் ஒட்டி 2 ஆகவே ஓடும். புதிய டைப்-சி முனையில் இன்னொரு மயக்கம்: அது முனையின் வடிவம் மட்டும்தான், வேகத்தின் பெயர் அல்ல. போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்களில் பலவும் உள்ளுக்குள் யூஎஸ்பி 2 தான்.

கண்ணால் பார்த்து ஊகிப்பதைவிடக் கணினியிடமே கேட்பது மேல். டெர்மினலில் எல்-எஸ்-யு-எஸ்-பி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் டி எழுத்தும் ('ட்ரீ' என்ற சொல்லின் முதலெழுத்து) சேர்த்து என்டர் தட்டுங்கள். மரம்போலக் கிளைத்த பட்டியல் வரும். அதில் 'மாஸ் ஸ்டோரேஜ்' என்றுள்ள வரியின் கடைசியில் 480 என்று இருந்தால் நீங்கள் மீட்டர் கேஜில் இருக்கிறீர்கள். 5000 அல்லது 10000 என்று இருந்தால் பாதை சரி, இடுக்கு வேறெங்கோ.

மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரவேண்டும், யூஎஸ்பி 3 போர்ட் 900. அடாப்டர் இல்லாத ஹப்பில் டிஸ்க், மவுஸ், கீபோர்டு, போன் எல்லாம் தொங்கினால் டிஸ்க்கின் மோட்டாருக்கு வயிறு நிறையாது. டக் டக் என்று சத்தம் வரும், நடுவில் காணாமல் போய்த் திரும்ப வரும். டி-எம்-ஈ-எஸ்-ஜி என்ற கட்டளை (இங்கே டி என்பது 'டிஸ்க்' என்ற சொல்லின் முதலெழுத்து) கர்னலின் நாட்குறிப்பைக் காட்டும் (சில கணினிகளில் முன்னால் நிர்வாகி அனுமதி கேட்கும் சூடோ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டியிருக்கும்). அதில் டிஸ்க்கை 'ரீசெட்' செய்ததாக வரிக்கு வரி இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு ஹப்பைத் தூக்கிவிட்டு நேரே கணினியில் செருகுங்கள். நான் ஒருமுறை ஒருநாள் முழுக்க டிஸ்க்கைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 15 செ.மீ. நீளக் கேபிளின் கழுத்தில் உடைசல். கையால் அழுத்திப் பிடித்தால் 110, விட்டால் ரீசெட்.

சில்லறைக் கோப்புகளின் அலைச்சல்

பாதை 5000 என்று காட்டுகிறது. ஒரு பெரிய வீடியோ 110-இல் போகிறது. அடுத்து படங்கள், சின்னச் சின்ன முன்னோட்டக் கோப்புகள் அடங்கிய அடைவு வந்ததும் நொடிக்கு 2 மெகாபைட் ஆகிவிடுகிறது. இது கோளாறே இல்லை. சுழலும் டிஸ்க்கின் உடற்கூறு அப்படி.

தென்காசியிலிருந்து புனலூருக்கு நேர்வண்டியில் போவதும், எல்லா நிறுத்தத்திலும் ஆள் ஏற்றி இறக்கும் வண்டியில் போவதும் ஒன்றா? எஞ்சின் அதே எஞ்சின்தான். நிற்பதும் கிளம்புவதும்தான் நேரத்தைத் தின்கிறது.

கையடக்க டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. எழுதும் தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர 12 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், நகர்ந்தபின் வேண்டிய இடம் சுழன்று வரச் சராசரியாக இன்னும் அரைச் சுற்று, ஐந்தரை. ஆக ஓர் அலைச்சலுக்குப் பதினேழு, பதினெட்டு மில்லிநொடி. நொடிக்கு ஐம்பத்தைந்து அலைச்சல்தான் முடியும். ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளடக்கத்தை ஓரிடத்திலும், பெயர், அளவு, தேதிக் கணக்கை வேறிடத்திலும் எழுத வேண்டும். 40,000 கோப்புக்குத் தலா இரண்டு அலைச்சல் என்றாலும் 24 நிமிடம், தரவு எழுதும் நேரம் தனி. கர்னல் பாக்கியை வரிசைப்படுத்தித் தள்ளுவதால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும், அவ்வளவே.

தீர்வு எளிது. அந்த அடைவை உள் டிஸ்க்கிலேயே ஒரே தார் கோப்பாகக் கட்டிவிட்டு அதைக் காப்பி செய்யுங்கள். சில்லறையை மூட்டையாகக் கட்டி அனுப்பும் வேலை. படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் மேலும் சுருக்க வேண்டாம், வெறுமனே கட்டினால் போதும். இரண்டு காப்பி வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடுவதையும் நிறுத்துங்கள். தலை இரண்டு பக்கமும் ஓடியே ஓய்ந்துபோகும். புதிதாகச் செருகிய டிஸ்க்கை மேசைச்சூழலின் தேடல் வசதி பின்னணியில் படித்துப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான்.

முன்பு பார்த்த மரப்பட்டியலில் இன்னொரு சொல்லும் இருக்கும்: 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்' அல்லது 'யூஏஎஸ்'. கர்னல் டிஸ்க்கோடு பேசும் இரண்டு முறைகள் இவை. பார்டர் பரோட்டாக் கடையில் இரண்டு வகைப் பரிமாறுபவர்கள் உண்டு. ஒருவர் ஒரு மேசையில் கேட்டு, கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் அடுத்த மேசைக்குப் போவார். இன்னொருவர் ஆறு மேசையிலும் கேட்டுக்கொண்டு ஒரே நடையில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வருவார். யூஏஎஸ் இரண்டாமவர். சில மலிவான பெட்டிகளில் அவருக்கு மறதி அதிகம், தப்பும் ரீசெட்டுமாக வரும். அப்படியானால் அந்தப் பெட்டிக்கு மட்டும் யூஏஎஸ்ஸை நிறுத்தி வைக்கக் கர்னலில் வழி இருக்கிறது. புதியவர்கள் இந்த அளவு தெரிந்திருந்தால் போதும்.

ஓடு வேய்ந்த டிஸ்க்

இது பலருக்குத் தெரியாத காரணம். விற்பவர்களும் அட்டையில் பெரிதாகப் போடுவதில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் ஓட்டுக்கூரையை நினைத்துப் பாருங்கள். மேல் வரிசை ஓட்டின் அடி, கீழ் வரிசை ஓட்டின் தலைமேல் ஏறி நிற்கும். அதனால் குறைந்த இடத்தில் நிறைய ஓடு பிடிக்கும், மழையும் இறங்காது. கீழ் வரிசையில் ஓர் ஓடு உடைந்தால்தான் தொல்லை. அதை உருவ வேண்டுமானால் மேலிருப்பதைத் தூக்க வேண்டும்.

இன்றைய கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இப்படித்தான் எழுதுகின்றன. தடங்கள் ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறியிருக்கும். ஆங்கிலச் சுருக்கம் எஸ்எம்ஆர். படிக்கும் தலை ஒடுக்கமானது, அதற்கு விளிம்பில் தெரியும் துண்டே போதும். எழுதும் தலை அகலமானது. ஏற்கெனவே எழுதிய தடம் ஒன்றைத் திருத்தப் போனால் பக்கத்துத் தடத்தையும் சேர்த்து அழித்துவிடும். ஆகவே பக்கத்திலிருப்பதைப் படித்து வைத்துக்கொண்டு திரும்ப எழுத வேண்டும், அப்போது அதற்கடுத்தது கெடும், அதையும் எழுத வேண்டும். கூரையில் இரண்டு ஓட்டைத் தூக்கினால் முடிந்தது. டிஸ்க்கில் அந்த வரிசை முடியும்வரை மொத்தமும்.

இந்த வேதனையை மறைக்க டிஸ்க் தனக்குள் ஒரு பகுதியைத் தற்காலிக முற்றமாக ஒதுக்கி, வருவதை அங்கே வேகமாக வாங்கிக்கொள்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் எடுத்து ஒழுங்காக வேய்கிறது. பெரிய காப்பியில் முற்றம் நிரம்பிவிட்டால் வாங்குவதும் வேய்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அப்போது 110 என்பது 10, 15 ஆகிக் கிடக்கும். ஏற்கெனவே பலமுறை அழித்து எழுதிய டிஸ்க்கில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

இதை ரேம் கொட்டகையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ரேம் என்றால் முதல் ஒன்றிரண்டு ஜிபியிலேயே விழும். ஓடு என்றால் நெடுநேரம் நன்றாகப் போய்ப் பிறகு விழும். படிக்கும் வேகம் நன்றாக இருந்து, எழுதும் வேகம் மட்டும் விழுந்து, கர்னலின் நாட்குறிப்பில் பிழை எதுவும் இல்லையென்றால் நான் ஓட்டைத்தான் சந்தேகிப்பேன். மருந்து: காப்பியை நிறுத்தி, கேபிளைப் பிடுங்காமல் அரைமணி நேரம் சும்மா விடுங்கள். உள்ளே கிறுகிறு என்று வேலை நடப்பது காதில் விழும். பிறகு தொடருங்கள். காப்பகமாக ஒருமுறை எழுதி வைத்துப் படிக்க இந்த வகை டிஸ்க் போதும். அதிலேயே நேராக எடிட்டிங் செய்வேன் என்று அடம்பிடிக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் டிஸ்க்

1956 வரை செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. இன்றும் இங்கே கடைக்காரர் பலருக்கு மலையாளத்தில் விலை சொல்ல யோசிக்க வேண்டாம். நேரே பேசுபவருக்கும் ஒருவரை நடுவில் வைத்துப் பேசுபவருக்கும் பேரம் முடியும் நேரம் வேறு.

டிஸ்க்கில் கோப்புகளை எப்படி அடுக்குவது, பெயர்களை எங்கே எழுதுவது என்ற ஒழுங்குமுறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். லினக்ஸின் தாய்மொழி எக்ஸ்ட்4. கடையில் வாங்கும் டிஸ்க்குகள் பலவும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் வரும். லினக்ஸ் நெடுங்காலமாக என்டிஎஃப்எஸ்ஸை என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேசியது. அது கர்னலுக்கு வெளியே ஓடும் தனி நிரல். ஒவ்வொரு வேலைக்கும் உள்ளும் வெளியும் நடக்க வேண்டும். பழைய செயலி உள்ள கணினியில் இந்த நடையே இடுக்காகிவிடும். காப்பி ஓடும்போது சிஸ்டம் மானிட்டரில் 'மவுன்ட் என்டிஎஃப்எஸ்' என்ற பெயர் செயலியை விழுங்கிக்கொண்டிருந்தால் காரணம் அதுதான். 2021-இல் கர்னல் 5.15 வந்தபோது என்டிஎஃப்எஸ்-3 என்ற, உள்ளேயே பேசும் இயக்கி சேர்ந்தது. எக்ஸ்ஃபேட்டுக்குச் செம்மையான உள் இயக்கி 2020-இல் 5.7-ஓடு வந்தது. உங்கள் லினக்ஸ் பழையதென்றால் புதுப்பித்தாலே மாற்றம் தெரியலாம்.

லினக்ஸ் கணினிகளில் மட்டும் புழங்கும் டிஸ்க் என்றால் எக்ஸ்ட்4. விண்டோஸ்காரரிடமும் போய்வரும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட், ஆனால் பாக்கி இருக்கும்போது பிடுங்கினால் அது எளிதில் குலைந்துபோகும். முறைமையை மாற்ற வேண்டுமானால் ஃபார்மட்தான் வழி, எல்லாம் அழியும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, வைத்ததைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

இதுவரை: ரேம் கொட்டகை, யூஎஸ்பி பாதை, சில்லறைக் கோப்பு, ஓட்டுத் தடம், மொழிபெயர்ப்பு. இந்த ஐந்திலும் டிஸ்க் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது.

உண்மையிலேயே நோய் என்றால்

தட்டில் ஓரிடம் பழுதாகிவிட்டால் டிஸ்க் விட்டுக்கொடுக்காமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் சில நொடி உறைந்து, பிறகு கொஞ்சம் ஓடி, மீண்டும் உறையும். படிப்பதிலும் இந்த உறைச்சல் இருக்கும், குறிப்பிட்ட கோப்புகளில் மட்டும் இருக்கும். நாட்குறிப்பில் 'ஐ-ஓ எரர்' என்ற வரிகள் வரும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் ஏட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். நோம் மேசைச்சூழலில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலில் அந்த வரி இருக்கும். வெளிப் பெட்டிகள் சிலவற்றில் அது மங்கலாகக் கிடக்கும், அப்போது ஸ்மார்ட்-சிடிஎல் என்ற கட்டளையால் கேட்டுப் பார்க்கலாம். நிறைய எண்கள் வந்து பயமுறுத்தும். இரண்டை மட்டும் பாருங்கள்: 'ரீஅலொகேட்டட்' என்றால் பழுதானதற்கு மாற்றிடம் கொடுத்த துண்டுகள், 'கரன்ட் பெண்டிங்' என்றால் படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்கும் துண்டுகள். இரண்டாவது எண் பூச்சியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் வேகத்தைப் பற்றிய பேச்சை விடுங்கள். முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். வேகச் சோதனை, பழுது நீக்கும் நிரல், ஃபார்மட் எதுவும் அதன்மேல் ஓட்டக் கூடாது. பிழை வரும் இடங்களைத் தாண்டி நல்லதை முதலில் எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது.

தம்பியின் டிஸ்க்

அன்று நான் முதலில் அடித்தது அந்த மரப்பட்டியல் கட்டளை. 480. கேபிளைப் பார்த்தேன், மெல்லிய வெள்ளை நிற டைப்-சி.

"டிஸ்க்கோட வந்த கேபிள் எங்க தம்பி?"

"அது புனலூர் மண்டபத்துலயே விட்டுட்டேன் அண்ணாச்சி. இது போன் சார்ஜர்ல உள்ளது. பொருந்துச்சு, போட்டுட்டேன்."

ஓடிக்கொண்டிருந்த காப்பியை நிறுத்தி, முறைப்படி டிஸ்க்கை நீக்கி, என் கேபிளைப் போட்டதும் 5000 வந்தது. பாதியில் நின்றது படங்கள் இருந்த அடைவு. அதைத் தாராகக் கட்டினோம். மீதி வீடியோ நூற்றுச் சொச்சத்தில் போனது. டீ வாங்கி வருவதற்குள் சாளரம் மூடியிருந்தது. தம்பி கையை நீட்டிக் கேபிளைப் பிடித்துவிட்டார். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி டர்ட்டி வரியைக் காட்டினேன். 600 மெகாபைட் பாக்கி. இரண்டு பேரும் டீயை ஊதிக்கொண்டே அது இறங்குவதைப் பார்த்தோம். ஏழு எட்டு நொடிதான்.

அந்த வெள்ளைக் கேபிளில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, 'சார்ஜ் மட்டும்' என்று எழுதி அவர் பையிலேயே போட்டுவிட்டேன்.